எட்டாம் படிப் பை

பிப்ரவரி 6

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

வகுப்புச் சுவர் ஏணியில் இருந்த குழந்தைகளின் கிளிப்புகளை நான் கீழே இறக்கினேன் என்று பள்ளி வாசலில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. நான் ஒரு கிளிப்பைக்கூடத் தொடவில்லை. அவரவர் கிளிப்பை அவரவரே கழற்றி, அவரவரே கீழே மாட்டினார்கள். எங்கே மாட்ட வேண்டும் என்று மட்டும்தான் நான் சொன்னேன்.

ஒரு பெண் குழந்தையை அடித்தேன் என்றும் ஒரு பேச்சு. முப்பத்தொரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அடித்துத்தான் அழ வைக்க வேண்டும் என்ற நிலைமை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இதை என் கணவரின் தங்கைக்கு எழுதவில்லை. பாலர் வகுப்புக்குப் பொறுப்பான தலைமை ஆசிரியைக்கு எழுதுகிறேன். "போன்ல பேசிடலாமே மேடம்" என்று இதைக் கொண்டுவரும் உங்கள் வேன் டிரைவர் யோசனை சொன்னார். போனில் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்று சாதிப்பது உங்கள் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் கைவந்த கலை. அதனால் எழுத்து.

நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் உங்கள் பாலர் வகுப்புக்காக முப்பது படிகள் வகுத்துக் கொடுத்தேன். ஒரு படிக்கு ஒரே ஒரு இலக்கு. முதல் பத்துப் படியும் எண்ணிக் கொடுப்பது: ஒன்று, இரண்டு என்று பத்து வரை. அதற்கு மேல் எது அதிகம், எது குறைவு. அதற்கும் மேல் கூட்டல், கழித்தல். ஒரு படியில் கால் ஊன்றாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் முறை. ஒவ்வொரு படிக்கும் என் கையால் ஒரு துணிப்பை தைத்து, உள்ளே பொத்தான்களும் ஓர் அட்டையும் வைத்துக் கொடுத்தேன். வகுப்புச் சுவரில் காகித ஏணி. பிள்ளைக்கு ஒரு துணிக்கிளிப். பெயர் வாசிக்கத் தெரியாத வயது என்பதால் கிளிப்பில் ஒரு படம்: வாத்து, குடை, சைக்கிள்.

3ஆம் தேதி காலை முன்னறிவிப்பில்லாமல் போனேன். ஏணியைப் பார்த்தால் கண் குளிர்ந்தது. இருபத்தாறு கிளிப்பில் பாதி பதினெட்டைத் தாண்டியிருந்தது. நீங்கள் சின்ன மிஸ் என்று செல்லம் கொடுத்து வைத்திருக்கும் அந்தப் பெண், "எல்லாம் உங்க படிதான் மேடம்" என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே என் வீட்டுப் பொத்தான்கள், ஒரு குவியல். ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு, "எட்டு எடுத்துக் குடு" என்றேன்.

இருபத்தொரு பேருக்கு எட்டில் நிறுத்தத் தெரியவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருந்தார்கள். குடைப் படக்காரி ஐம்பத்துமூன்று வரை எண்ணிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி, நான் கை தட்டுவேன் என்று காத்திருந்தாள். ஐந்து கேட்டேன், அதுவும் இல்லை. எண்ணாமலே கண்ணளவில் எடுக்கக்கூடிய மூன்று வரை எல்லாருக்கும் வந்தது. ஆகவே இருபத்தொரு பேரையும் மூன்றாம் படியில் மாட்டச் சொன்னேன்.

இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. அந்தப் பெண் சோதிக்காமலே கிளிப்புகளை ஏற்றியிருக்கிறாள். ஏப்ரலில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்கு ஏணி உயரமாகத் தெரிய வேண்டும். இதைத்தான் பள்ளிக் கமிட்டிக்கு அறிக்கையாக எழுதினேன். நேற்றைய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் அதை உரக்க வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். வாசித்தது முறைதான்.

அவளுடைய பதிவேட்டை உடனே பூட்டி வைக்கவும். வைத்ததை எழுத்தில் தெரிவிக்கவும்.

— முப்பது படிகளை வகுத்தவள்


பிப்ரவரி 8

அண்ணி,

நாற்பத்தைந்து வருஷமாக என்னை "ஏ பெண்ணே" என்று கூப்பிட்டவர், "அவர்களுக்கு" என்று போட்டு எழுதியதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன். வாசித்து முடித்தபிறகுதான் தெரிந்தது, போனது என் பள்ளியின் மானம்.

பதிவேடு என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் சொன்னதற்காகப் பூட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் மூன்று தகப்பன்மார் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள், அதனால் பூட்டினேன்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று "கேள்விப்பட்டேன்" என்று எழுதுகிறீர்கள். நான் அங்கே இருந்தேன். உங்கள் அறிக்கையில் "மோசடி" என்ற வார்த்தை இரண்டு இடத்தில் வருகிறது. செயலாளருக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போய் மூன்றாவது தடவையும் வாசித்தார். சின்ன மிஸ் கடைசி வரிசையில் பிள்ளைகளின் ஓவியங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்றோருக்குக் காட்டலாம் என்று கொண்டுவந்தது. ஒருத்தர் எழுந்து, "என் பொண்ணுக்கு அஞ்சுகூட தெரியலைன்னா இத்தனை நாள் நீ என்னம்மா பண்ணே?" என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இன்னொருத்தர், "அவங்க படம் வரைய விட்டுட்டுத் தூங்கியிருப்பாங்க" என்றார். கூடமே சிரித்தது. ஓவியங்களை நாற்காலியில் வைத்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள்.

இப்போது அவளை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். 28ஆம் தேதி கமிட்டி மறுபடி கூடும், பெற்றோரும் வருவார்கள். அன்றைக்கு அவளை வேலையை விட்டு எடுப்பதாக ஏறக்குறைய முடிவாகிவிட்டது. "மோசடி" என்று எழுதி வெளியே அனுப்பினால் இந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளும்?

குடை மூன்று நாளாக வரவில்லை. அம்மா வந்து சொன்னாள்: "ஸ்கூல்னாலே கதவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறா மிஸ். 'நான் கீழ போயிட்டேன், நான் கீழ போயிட்டேன்'னு சொல்லிட்டே இருக்கா." அந்தக் குழந்தைக்கு வயது ஐந்து. அதை நீங்கள் அடிக்கவில்லை, மெத்தச் சரி.

உங்கள் சங்கதி எனக்குப் புதிதல்ல. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கோடை விடுமுறை முழுவதும் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரே கணக்கை நாற்பது தடவை போட வைத்தீர்கள். நாற்பத்தொன்றாவது தடவை நான் நோட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அன்றைக்கு நான் மொழி ஆசிரியை ஆனேன். அண்ணன் இறந்த அன்று, அறிவிப்புப் பலகையில் வயது எழுபத்திரண்டு என்று எழுதியிருந்ததை, "எழுபத்தொன்றுதான், இன்னும் நாலு மாசம் இருக்கு" என்று வந்தவர்கள் முன்னால் திருத்தினீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். எப்போதும் சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

இனி நீங்கள் பள்ளிக்குள் வரக் கூடாது. வாட்ச்மேனிடம் சொல்லியாகிவிட்டது. உங்களுக்கு எழுத்தில்தானே வேண்டும்? இதுதான் அந்த எழுத்து.

— தலைமை ஆசிரியை. உங்கள் நாத்தனாரும்தான், அதற்கு நான் என்ன செய்ய?


பிப்ரவரி 11

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

தடை உத்தரவு கிடைத்தது. அலுவல் கடிதத்தில் குடும்பக் கதை எழுதக் கூடாது என்பது எங்கள் கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நூறு வரை ஒப்பிப்பது கணக்கல்ல. அதை ரேடியோவும் செய்யும். "எட்டு" என்றால் எட்டாவது பொத்தானை எடுத்ததும் கை நிற்க வேண்டும். கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும், எட்டியதும் விட வேண்டும். இந்த ஒன்று வராத பிள்ளைக்கு மேலே சொல்லிக் கொடுப்பதெல்லாம் வீண். மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் முழிக்கும், ஏழாம் வகுப்பில் கணக்கென்றால் வயிற்றுவலி வரும். பத்தாம் வகுப்பில் அவர்கள் என்னிடம் வந்து சேர்வார்கள். முப்பத்தொரு வருடம் அவர்களைப் பார்த்தவள் நான். பாவம் பாவம் என்று யாரோ ஒரு டீச்சர் மேலே தள்ளிவிட்ட பிள்ளைகள். அதனால்தான் இந்தப் படிகளை வகுத்தேன், பொழுது போகாமல் அல்ல.

நேற்று உங்கள் சின்ன மிஸ் என் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் அனுப்பினீர்களா, தானாக வந்தாளா தெரியாது. உட்காரச் சொல்லவில்லை. பேச்சைச் சுருக்கமாகத் தருகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக.

"மேடம், நான் ஒரு கிளிப்பைக்கூட சும்மா ஏத்தல."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

"உங்க பையைத்தான் குடுத்தேன். உங்க அட்டைல இருக்கறதைத்தான் கேட்டேன். ஒரு தடவை சரியாக் குடுத்தா போதும்னு விடல. மூணு நாள் கழிச்சு மறுபடியும் கேட்டேன். அப்பவும் குடுத்தாங்க."

"உன்கிட்ட குடுத்தவங்க என்கிட்ட ஏன் குடுக்கல?"

"அதான் மேடம் எனக்கும் புரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"டீச்சருக்கே புரியலன்னா பிள்ளைங்களுக்கு என்ன புரியும்?"

"உங்களுக்கு ஒருதடவைகூட தப்பு வந்ததில்லையா மேடம்?" என்று கேட்டாள். படிகளைப் பொறுத்தவரை வந்ததில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அழுதாள் என்று எழுதாதீர்கள். அழவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளை மெச்சுகிறேன்.

28ஆம் தேதிக் கூட்டத்தின் முடிவை எழுத்தில் அனுப்பவும்.

— படிகளை வகுத்தவள்


பிப்ரவரி 19

அண்ணி,

இந்தக் கடிதத்தோடு எட்டாம் படிப் பையும் அதன் அட்டையும் வருகின்றன. முதலில் பையைக் கொட்டி எண்ணுங்கள். பிறகு மேலே வாசியுங்கள்.

குடை நேற்று வந்தாள். வகுப்புக்குப் போக மாட்டேன் என்று என் அறை வாசலிலேயே நின்றாள். சரி, வா என்று உள்ளே உட்கார வைத்தேன். என்ன விளையாடலாம் என்று கேட்டதற்கு, "பை விளையாடலாம்" என்றாள். எடுத்து வந்தோம். எட்டாம் படிப் பையைக் கொடுத்து, அட்டையில் இருக்கிறபடி, "எட்டு எடுத்துக் குடு" என்றேன். ஒவ்வொன்றாக என் கையில் வைத்தாள். ஒன்று, இரண்டு என்று கணீரென்று எண்ணி எட்டில் நிறுத்தினாள். "எட்டு மிஸ்!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பிள்ளைக்கா எட்டுத் தெரியாது? உங்கள் மேல் அப்போது வந்த கோபத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அதே பையைக் கொடுத்தேன். இந்தத் தடவை, "அஞ்சு குடு" என்றேன். எடுத்தாள். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு.

"அஞ்சுதானடா கேட்டேன்?"

பையை விரித்து உள்ளே காட்டினாள். "அஞ்சுல பை காலியாகலையே மிஸ்."

அப்போதுதான் உறைத்தது. அவள் எட்டில் நிற்கவில்லை அண்ணி. பை தீர்ந்த இடத்தில் நின்றாள். நாலாம் பையில் நாலு, எட்டாம் பையில் எட்டு. எந்தப் பையைக் கொடுத்தாலும் கடைசி வரை எடுத்தால் விடை சரியாக இருக்கும். நிறுத்த வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. உங்கள் பிஸ்கட் டப்பாவிலும் அதைத்தான் செய்தாள். டப்பா காலியாகும்வரை எண்ணினாள்.

எனக்குக் கணக்கு வராது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்கள். அந்த வராத கணக்கை வைத்துக்கொண்டு பைகளைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே. பதினெட்டாம் படி, எட்டோடு ஐந்து கூட்டுவது. எட்டு சிவப்பு, ஐந்து நீலம், வேறு ஒன்றும் இல்லை. கொட்டி எண்ணினால் பதின்மூன்று. இதில் கூட்டல் எங்கே இருக்கிறது? அட்டையின் பின்பக்கம் உங்கள் சாய்வெழுத்தில், அடிக்கோட்டோடு: "பையில் உள்ளதைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. முடிந்ததும் சரிபார்த்து மூடவும்."

அவள் அதைத்தான் செய்தாள். ஒரு புள்ளி விடாமல்.

இதைக் கமிட்டியில் நானே சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? நேற்று லேசாகச் செயலாளரிடம் ஆரம்பித்தேன். "உங்க அண்ணியோட உங்களுக்கு ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே மேடம்" என்று சிரித்தார். நான் சொன்னால் நாத்தனார் சண்டை. நீங்கள் சொன்னால்தான் எடுபடும். சொல்வீர்களா?

— நாத்தனார்


பிப்ரவரி 21

பையில் எட்டுப் பொத்தான் இருந்தது. எட்டாம் படிப் பையில் எட்டு இருப்பதில் என்ன குற்றம் கண்டுபிடித்தாய்? பையையும் அட்டையையும் டிரைவரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அட்டை என்பது ஒரு வழிகாட்டி. கொஞ்சம் மூளை உள்ள எந்த டீச்சரும் இரண்டு பொத்தான் கூடப் போட்டுப் பார்த்திருப்பாள், அல்லது வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். கேட்டாளா? எட்டு மாதம் ஒரு வகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பை காலியாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்காக நீ வக்காலத்து வாங்குகிறாய்.

நோட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டவள் எனக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டாள். சொல்வாயா என்று கேட்டதற்குப் பதில்: மாட்டேன்.


பிப்ரவரி 22

அண்ணி,

"கேட்டாளா?" என்று கேட்டீர்கள். உங்கள் பார்வைக்கு வந்து போகும் அவளுடைய பாடக்குறிப்பு நோட்டில் ஜூலை 14ஆம் தேதிப் பக்கத்தை நகலெடுத்து அனுப்புகிறேன். வாசிக்கச் சிரமமாக இருந்தால் இதோ:

"பிள்ளைகள் பையை முழுவதும் கொட்டிவிடுகிறார்கள். கூடுதலாகச் சில பொத்தான்கள் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா என்று மேடத்திடம் அனுமதி வேண்டுகிறேன்."

அதற்குக் கீழே பச்சை மையில்: "கூடாது. அட்டைப்படியே செய்யவும்." அதற்கும் கீழே ஒரு கையெழுத்து. யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் இன்னும் பச்சை மைப் பேனா வைத்திருப்பது நீங்கள் ஒருவர்தான்.

வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், உங்களுக்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிட்டாள். நீங்கள் கூடாது என்றதும் தன் சந்தேகம்தான் தப்பு என்று அதை விட்டே விட்டாள். நீங்கள் அவள் கையைக் கட்டிப்போட்டீர்கள். பிறகு ஏன் கை அசையவில்லை என்று அறிக்கை எழுதினீர்கள்.

28ஆம் தேதிக்கு ஆறு நாள் இருக்கிறது. நான் இனி எழுதப் போவதில்லை.


பிப்ரவரி 26

நீ எழுதப் போவதில்லை என்றாய். நான் எழுதுகிறேன்.

கையெழுத்து என்னுடையது. அந்த நோட்டு என்னிடம் வந்ததே எனக்கு நினைவில்லை. அன்றைக்குப் பதினொரு நோட்டுகள் வந்திருக்கும். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போயிருப்பேன். மறந்தேன் என்பது சமாதானம் ஆகாது. என் மாணவிகள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

பைகளின் இன்னொரு செட் என் பீரோவில் இருக்கிறது. முப்பதையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கொட்டினேன். முதல் வருடம் இந்தப் பைகள் இப்படி இல்லை. கைக்கு வந்த அளவு அள்ளிப் போட்டிருந்தேன். அந்த வருடப் பிள்ளைகள் எல்லாரும் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். வருடக் கடைசியில் பைகள் திரும்பி வந்தபோது மொத்தத்தில் பதினொரு பொத்தான் குறைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எந்தப் பையில் தொலைந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் இருந்ததுதான் இன்னும் பொறுக்கவில்லை. இரண்டாம் வருடம் படிக்கு எத்தனையோ அத்தனை என்று எண்ணிப் போட்டேன். பையை மூடும்போதே ஒன்று தொலைந்தாலும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பொத்தான் தொலைந்ததில்லை. அதை ஒரு சாதனை என்று நினைத்தேன். இருபத்தொரு பிள்ளைகளைவிடப் பதினொரு பொத்தான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

இது உனக்கு மன்னிப்புக் கடிதம் அல்ல. பிள்ளைகளுக்கு எட்டுத் தெரியாது என்று சொன்னேன், இன்றைக்கும் தெரியாது. மூன்றாம் படியிலிருந்துதான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அதில் ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன். அவர்கள் கையாலேயே கிளிப்பை இறக்க வைத்தது தேவையில்லாத வேலை. அதை யாரும் சொல்லாமல் நானாகவே செய்தேன். அந்தக் கணக்கை என் பேரிலேயே வைத்துக்கொள். சின்ன மிஸ்ஸுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் என்ன எழுதினேன் என்பது உன் விஷயமல்ல.

கமிட்டிக்கு எழுதிய கடிதத்தை நேற்றுக் காலை செயலாளரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கையில் கொடுத்தேன். மொத்தம் நான்கு வாக்கியம். 3ஆம் தேதி நான் கண்ட குறை ஆசிரியையுடையது அல்ல, என் பைகளுடையது. அந்தக் குறையை ஆசிரியை ஜூலை மாதமே கண்டு கேட்டார், நான் எழுத்தில் மறுத்தேன். "மோசடி" என்று நான் எழுதியது பொய். அவரை மீண்டும் அதே வகுப்பில், நிரந்தர ஆசிரியையாக அமர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், இது வேணாம்."

"ஏன்?"

"உங்க படியைக் கேட்டு பதினாலு ஸ்கூல்லேர்ந்து கடிதம் வந்திருக்கு. புத்தகமாப் போடலாம்னு பேசிட்டு இருக்கோம். இந்த நேரத்துல நீங்களே இப்படி எழுதினா எவன் வாங்குவான்?"

"தப்பான பையை வாங்கவா பதினாலு பேர் வரிசைல நிக்கறாங்க?"

"பையை மெதுவா மாத்திக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது? அந்தப் பொண்ணு டெம்பரரி. சின்ன வயசு, வேற எங்கயாவது சேர்ந்துக்கும். உங்க பேரு இத்தனை வருஷமா சேர்த்த பேரு மேடம்."

"அவ பேரு சேர்க்கறதுக்கு முன்னாடியே போச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, ஃபைல்ல வெச்சுக்கறேன்" என்றார்.

"ஃபைல்ல வெக்கறதுக்கு உங்களை எதுக்குக் கூப்பிடறேன்? என் வீட்லயே பீரோ இருக்கு. முதல் அறிக்கையை எங்க படிச்சீங்களோ அங்கயே இதையும் படிக்கணும்."

அப்போதுதான் மனிதர் உண்மையான கவலையைச் சொன்னார். "பேரன்ட்ஸ் முன்னாடி இதைப் படிச்சா, இந்த அட்டைங்களுக்கு ஒப்புதல் குடுத்தது யாருன்னு அடுத்த கேள்வி வரும். எல்லா அட்டைலயும் தலைமை ஆசிரியை கையெழுத்து இருக்கு. உங்க நாத்தனாரும் சேர்ந்து மாட்டுவாங்க. அவங்களை யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். உன்னிடம் இருக்கும் அட்டைகளை நீயும் திருப்பிப் பார். மேல் மூலையில் முப்பதிலும் உன் கையெழுத்து இருக்கிறது. இரண்டாம் வருடம் நான் பைகளை மாற்றிக் கொண்டுவந்தபோது, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் போட்டுக் கொடுத்தாய். எனக்குப் பயந்து போட்டாயா, வேலை முடிந்தால் போதும் என்று போட்டாயா, எனக்குத் தெரியாது. என் மேல் நீ எழுதிய குற்றங்கள் அத்தனையும் சரி. இந்த ஒன்றை மட்டும் எழுத விட்டுவிட்டாய்.

கடிதத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். இதோடு இணைத்திருக்கிறேன், கையெழுத்திட்ட அசல். கூடவே ஒரு பெட்டியில் முப்பது பைகள். தையலைப் பிரித்துப் பெரிதாக்கி, டப்பாவிலிருந்து கையால் அள்ளிப் போட்டேன். எதிலும் படிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே இருக்கும். எவ்வளவு அதிகம் என்று எண்ணவில்லை. எண்ணாமல் போடுவது சிரமமாகத்தான் இருந்தது. என்னிடம் இருந்த அட்டைகளைக் கிழித்துவிட்டேன். என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதை வகுப்பில் நிற்கிறவள் முடிவு செய்துகொள்ளட்டும்.

செயலாளர் வாசிக்க மாட்டார். நான் பள்ளிக்குள் வரக் கூடாது என்பது உன் உத்தரவு. மாற்றச் சொல்லி உன்னிடம் கேட்க மாட்டேன். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க உரிமை உள்ள ஒரே ஆள் நீதான். வாசித்தால் உன் கையெழுத்தைப் பற்றியும் கேட்பார்கள், அதற்கு நீ பதில் சொல்ல வேண்டிவரும். வாசிக்காவிட்டால் அந்தப் பெண் 28ஆம் தேதி மாலை மோசடிக்காரியாக வீட்டுக்குப் போவாள்.

அதே கூடத்தில், அதே பெற்றோர் முன்னால், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை எதையும் விடாமல் வாசிப்பாயா, மாட்டாயா? நாளை மாலை ஐந்து மணிக்குள் டிரைவர் கையில் பதில் கொடுத்து அனுப்பு. எழுத்தில் வேண்டும்.